யாரோ ஒருத்தர்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று.

பல்கலைக்கழகத்தில் இது சகஜம். வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, அதற்கப்புறம் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களுக்குத் தங்களைவிட இளையவர்தான் நெறியாளராக வாய்ப்பார். ஆவுடையப்பனுக்கு வாய்த்தவர் பேராசிரியர் ரூபவதி. இவர் அவரை 'மேடம்' என்பார். அவர் இவரை 'சார்' என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் இல்லை.

ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டது உமரிச் செடி. தூத்துக்குடி உப்பளங்களின் ஓரத்தில், வேறெதுவும் முளைக்காத மண்ணில், அது மட்டும் தளதளவென்று நிற்கும். அதன் வேரில் ஒட்டி வாழும் ஒரு நுண்ணுயிரை நெல் நாற்றுக்குக் கொடுத்தால் நெல்லும் உப்பைத் தாங்குமா என்று பார்க்க ஆசைப்பட்டார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, தாங்கும் என்று கண்டும்விட்டார். இனி அதை எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட வேண்டும். வெளியிட்டால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிய கெடு வருகிற சித்திரையோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து, பட்டம் அம்பேல்.

ரூபவதி அவரைப் படுத்தாத பாடில்லை. ஒரே வாக்கியத்தை நாலு விதமாகத் திருத்தி எழுத வைப்பார். தொட்டியில் பிழைத்த நாற்றுகளை எண்ணுவதற்கு ஆய்வு செய்தவரையே விடமாட்டார்.

"நீங்க எண்ணினா உங்க ஆசையும் கூட உக்காந்து எண்ணும் சார். தமிழ்த்துறையில யாரையாவது கூட்டிட்டு வாங்க. எந்தத் தொட்டி ஜெயிச்சா அவங்களுக்கு என்ன?"

பாவம் தமிழ்த்துறைக்காரர்கள். ஒரு காப்பிக்கு ஆசைப்பட்டு வந்து, முட்டி வலிக்கக் குந்தி எண்ணிவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்ட ரூபவதி புரட்டாசியில் ஒருநாள் மாறிப்போனார். ஆவுடையப்பன் கட்டுரையை நீட்டினார். ரூபவதி வாங்கவில்லை.

"இதை இனிமே செண்பகம் சார்கிட்ட காட்டுங்க. அவரும் உங்க ஆய்வுக்குழுவுல இருக்கிறவர்தானே."

"நீங்க பாக்கலியா மேடம்?"

"பார்க்கலை."

"ஏதும் தப்பா எழுதிட்டனா?"

"மத்த எதுக்கு வேணும்னாலும் வாங்க. இந்தக் கட்டுரைக்கு மட்டும் என்கிட்ட வராதீங்க."

"காரணம் சொன்னா நல்லாருக்கும்."

"சொல்ல முடியாது சார்."

வீட்டுக்கு வந்து மனைவி கோமதியிடம் புலம்பினார். "நீங்க என்னத்தச் சொல்லி வச்சீங்களோ" என்றாள் அவள். தான் என்ன சொல்லிவைத்தோம் என்று ஆவுடையப்பன் ஐப்பசி, கார்த்திகை முழுக்க யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒருமுறை வேறு காகிதங்களுக்கு நடுவே கட்டுரையின் ஒரு வரைபடத்தைச் செருகிக் கொடுத்துப் பார்த்தார். ரூபவதி அதைக் கண்டதும் குப்புறக் கவிழ்த்து இவர் பக்கமே தள்ளிவிட்டார். அன்றைக்கு ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செண்பகம் சார் நல்ல மனிதர். ஆனால் எழுத்துப்பிழைக்கு மேல் எதையும் பார்க்கமாட்டார். ஆகவே சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஆவுடையப்பன் தானே கேட்டு, தானே பதில் தேடி, இரண்டு பரிசோதனைகளை முதலிலிருந்து திரும்பச் செய்தார். கட்டுரை முடியும் தறுவாய்க்கு வர மாசி பிறந்துவிட்டது.

அந்த மாசியில்தான் இடி விழுந்தது. வியட்நாமிலிருந்து ஒரு குழு எழுதிய கட்டுரை பெரிய ஆய்விதழ் ஒன்றில் வெளியாகியிருந்தது. அங்கேயும் உப்பளத்துச் செடிதான், அதே நுண்ணுயிர்தான், அதே முடிவுதான்.

ஆவுடையப்பன் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிப் பக்கம் வரை எப்படியோ படித்தார். அங்கே நன்றி சொல்லியிருந்தார்கள். ஆய்விதழ்கள் எந்தக் கட்டுரையையும் ஏற்கும் முன், அந்த விஷயம் தெரிந்த ஒருவருக்கு ரகசியமாக அனுப்பிக் கருத்துக் கேட்கும். பெயர் வெளியே வராத அந்த மதிப்பாய்வாளருக்குத்தான் நன்றி. 'அவர் யோசனைப்படி, எங்கள் ஆய்வைப் பற்றி ஒன்றும் அறியாத இலக்கியத்துறை நண்பர்களை அழைத்து நாற்றுகளை மறுபடி எண்ணச் செய்தோம்.'

ஆவுடையப்பன் எழுந்து நேரே ரூபவதியின் அறைக்குப் போனார். அச்செடுத்து வந்த அந்தப் பக்கத்தை மேசையில் வைத்தார். ரூபவதி படித்தார்.

"இது நீங்கதான மேடம்?"

"யார் மதிப்பிட்டாங்கன்னு வெளிய சொல்லக்கூடாது. நான் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"சரி. யாரோ ஒருத்தர்னே வச்சிக்கிடுவோம்." ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த யாரோ ஒருத்தருக்கு ஒரு மாணவன் இருக்கான். அவனும் இதே ஆராய்ச்சிதான் பண்ணுதான். அப்போ அவரு இதைத் தொட்டிருக்கலாமா?"

"தொடக்கூடாதுதான். என் மாணவரும் இதையே செய்றார், வேற ஆளைப் பாருங்கன்னு இதழாசிரியருக்கு எழுதியிருப்பார். இந்த விஷயம் தெரிஞ்சவங்களே நாலஞ்சு பேர்தான், பரவாயில்லை, நீங்களே பாருங்கன்னு பதில் வந்திருக்கும்."

"பாத்தாரு. சரி. குறை சொல்லி நிறுத்தியிருக்கலாம்லா? மேசையிலயே போட்டு வச்சு இழுத்தடிச்சிருக்கலாம்லா?"

"செஞ்சிருக்கலாம்."

"அதை விட்டுட்டு, அவங்க கட்டுரை இன்னும் நல்லா வர்றதுக்கு வழி சொல்லிக் குடுத்திருக்காரு!"

"நல்ல கட்டுரையா இருந்திருக்கும் சார்."

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"இங்க ஒருத்தன் ஒண்ணும் தெரியாம மாடா உழைச்சிக்கிட்டுக் கிடக்கான். சீக்கிரம் முடிங்கன்னு ஒத்த வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா அவன் முந்தியிருப்பான்."

"முந்தியிருப்பார்."

"அதைச் சொல்ல வாய் வரலியா அவருக்கு? கஷ்டமாவே இல்லியா?"

ரூபவதி அந்தப் பக்கத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

"உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அவர் கதவைச் சாத்திட்டு உக்காந்திருப்பார்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஆவுடையப்பன் கவனிக்காததுபோல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் பாதி வடிந்துவிட்டது. துக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"உங்க கட்டுரை எங்கே?" என்றார் ரூபவதி.

"இனி அது எதுக்கு மேடம்?"

"கொடுங்க. வியட்நாம்காரங்க சொன்னது இப்ப ஊரறிஞ்ச விஷயம். இனிமே நான் பார்க்கலாம்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரூபவதி சிவப்புப் பேனாவைத் திறந்து, விட்ட மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பக்கம் பக்கமாகக் கிறுக்கினார். இரண்டு பரிசோதனைகளைத் திரும்பச் செய்திருந்த இடம் வந்ததும் பேனா நின்றது.

"இதை யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"யாரு சொன்னா? நானேதான்."

அந்தப் பக்கத்தில் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"முதல் பத்தியிலேயே அவங்க பேரைச் சொல்லிட்டு அனுப்புங்க."

"இதுல புதுசு என்ன இருக்குன்னு கேப்பாங்களே."

"கேக்கலாம். அவங்க கண்டதை வேற ஒருத்தர் தனியா நின்னு கண்டிருக்கார்னும் சொல்லலாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது சார்."

சித்திரைக்கு அதிக நாள் இல்லை. ஆவுடையப்பன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவருக்கு மனசு ஆறவில்லை. திரும்பி நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன் மேடம். அந்த யாரோ ஒருத்தர், மாணவன் காதுல அந்த ஒத்த வார்த்தையைப் போட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

ரூபவதி பேனாவை மூடினார்.

"அந்த மாணவருக்கு."