நாலு ஓரமும்

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு முதலாளியம்மா வர இன்னும் ஐந்தே நிமிடம். ஆண்டறிக்கையைப் பெரிய டிவியில் போட்டால் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு நிற்கிறது. உச்சியில் இருந்த 'தயாரிப்பு: மேனேஜர் வெள்ளியங்கிரி' என்ற வரியில் பாதியைக் காணோம்.

வெள்ளியங்கிரி கம்ப்யூட்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். ஆபரேட்டர் தமயந்திமேல் பாய்ந்தார். "ஒரு எழுத்து குறைஞ்சாலும் நாளைக்கு நீ வேலைக்கு வராதே!"

மூன்று வாரம் உட்கார்ந்து அறிக்கையைத் தயாரித்தவள் தமயந்திதான். ஆத்திரத்தில் கீழ் ஓரத்தில் தானும் ஒரு வரி சேர்த்திருந்தாள். டிவி அதையும் விழுங்கியதால்தான் இதுவரை தப்பினாள்.

"நாலு ஓரமும் தெரியோணுங்களா சார்?"

"ஆமா!"

"கீழ் ஓரமுங்களா?"

"எல்லா ஓரமுந்தான்!"

முதலாளியம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். தமயந்தி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றினாள். ஓரங்கள் வெளியே வந்தன. கீழே, 'எழுத்து, கணக்கு, படம் எல்லாம்: தமயந்தி.'

"என்னடி இது?" என்று கத்தினார் வெள்ளியங்கிரி.

"ரெண்டு தடவை கேட்டனுங்க. சார்தான் எல்லா ஓரமும்னாருங்க."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "ஏற்றுமதி ஏன் குறைஞ்சுது, வெள்ளியங்கிரி?"

வெள்ளியங்கிரி டிவியைப் பார்க்கவில்லை. தமயந்தியைப் பார்த்தார்.

"சரி தமயந்தி, நீயே சொல்லு," என்றார் முதலாளியம்மா. "அதுக்கு முன்னால, மேல் ஓரத்தை மட்டும் பழையபடி வெட்டிரு."