முதல் பந்தியில் சமையல்காரர்

கடனா ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில், குருவைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலிச் சீமை முழுக்கக் கல்யாணச் சமையலுக்குப் பேர்போனவர். மனைவி கோமு காலமான பிறகு கரண்டியைப் பரணில் போட்டுவிட்டு நிம்மதி தேடி வந்தார். வந்த அன்றே ஆசிரமத்துச் சமையல் அவர் தலையில் விழுந்தது.

குருவை எல்லாரும் சாமி என்பார்கள். துறவுக்கு முன் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்து சொல்வார். மனிதருக்கு என்றால் டாக்டரிடம் போகச் சொல்வார். ஆவுடையப்பன் பெரியவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆவுடையப்பனுக்குச் சர்க்கரை நோய் வெகுகாலமாக இருந்தது. மாத்திரை போடுவார். அதற்கு மேல் அந்த நோய்க்கு அவர் மரியாதை கொடுத்ததில்லை. கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றபோது அதையும் துணி சுற்றி மறைத்தார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஒருநாள் பந்தியில் பரிமாறும்போது நொண்டினார். சாமி பார்த்துவிட்டார். அன்றைக்கே அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்.

டாக்டர் ஜெசிந்தா புண்ணைக் கழுவிக் கட்டினார். மாத்திரையைக் கூட்டினார். சாப்பாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். காய், கீரை, கடலை, மோர், தேங்காய் என்று என்னென்னவோ சொன்னார். ஆவுடையப்பன் காதில் விழுந்தது ஒன்றுதான்.

"சோத்தக் குறைக்கணும். சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."

ஆவுடையப்பனுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவரும் இதே நோயில் முதலில் விரலைக் கொடுத்தவர். அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். கடைசியில் புரண்டு படுக்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் நேரே சாமியிடம் போனார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"சோறு போயிட்டுன்னா, பெறவு சாப்பிட என்னதான் இருக்கு?"

சாமி யோசித்தார்.

"தெரியலையே. பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க."

சீடருக்குக் கோபம் வந்தது. விரல் போகப்போகிறது, இவருக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று நினைத்தார். ஆனால் சாமியின் முகத்தில் கேலி இல்லை. புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியைப் பார்க்கிறவர்போல் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். சோறு வேண்டாம், சரி. காலையில் தட்டில் சப்பாத்தி அடுக்கடுக்காக வந்தது. மத்தியானம் கேழ்வரகுக் களி, தேங்காய் அளவு உருண்டையாக. ராத்திரி கோதுமை ரவை உப்புமா. "அரிசியக் கையால தொடல" என்று மற்ற சீடர்களிடம் பெருமை பேசினார்.

அடுத்த தடவை போனபோது டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"என்னய்யா சாப்பிட்டீங்க?"

அந்தப் பெருமையை அவரிடமும் சொன்னார்.

"நீங்க கல்யாணச் சமையல்காரர்தான? மாப்பிள்ளைய வர வேண்டாம்னு சொல்லிட்டு, அவரு வீட்டு ஆளுக அத்தன பேரையும் கூப்பிட்டுப் பந்தியில உக்கார வச்சிருக்கீங்க."

சர்க்கரை இறங்கவில்லை. புண் இன்னும் பச்சையாகவே இருந்தது. அடுத்த மாதம் வரை பார்ப்போம் என்றார் டாக்டர். வழியெல்லாம் அந்தப் 'பார்ப்போம்' ஆவுடையப்பனை அரித்துக்கொண்டே வந்தது.

ஆசிரமத்துக்கு வந்ததும் வேறு முடிவெடுத்தார். சாப்பாடே வேண்டாம். காலையில் பாகற்காய்ச் சாறு. மத்தியானமும் அதுவே. மற்றவர்களுக்கு வடித்துக் கொட்டிவிட்டு, காய்ந்த வயிற்றோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அண்ணாச்சி தவம் இருக்கிறார் என்று ஆசிரமத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கையில் கை வெடவெடவென்று நடுங்கியது. துண்டு நனையும் அளவுக்கு வேர்த்தது. கரண்டியை நழுவவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த சாமி, ஒரு தம்ளரில் சீனியைக் கரைத்து அவர் கையில் கொடுத்தார்.

"குடிங்க."

"சீனியா சாமி?"

"ஆமா."

"எனக்கு அது விஷம்லா."

"மாத்திரையும் போட்டுட்டு வயித்தையும் காயப்போட்டா, இந்த நேரத்துக்கு இதான் மருந்து. டாக்டரம்மா என்கிட்ட போன்லயே சொல்லி வச்சிருக்காங்க. குடிங்க."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அவமானம் மட்டும் அடங்கவில்லை.

"நான் தவம்லா சாமி இருந்தேன்."

"யாரை நினைச்சு?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"தயிர்சோத்த நினைச்சு."

சாமி சிரித்துவிட்டார். ஆவுடையப்பனும் சிரித்தார். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சாமி எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நேத்து அவியல் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"இந்தப் பாகக்காத் தவத்துல நான் எங்க சாப்பிட?"

"அதுக்கு முன்னால?"

"அப்பவும் எங்க சாமி? சமையக்காரனுக்கு வாசத்துலயே வயிறு நெறஞ்சுரும். ஊரு சாப்பிட்டு எந்திரிச்ச பெறவு, ஒரு சட்டி தயிர்சோறு. ஒரு துண்டு ஊறுகா. கரண்டி பிடிச்ச நாள்ல இருந்து அதான்."

"ருசி பாக்க மாட்டீங்களா?"

"உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு உப்பு பாப்பேன்."

சாமி இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"கத்தரிக்கா என்ன ருசி அண்ணாச்சி?"

"புளிப்பு."

"அது புளி."

"காரம்."

"அது மொளகா."

ஆவுடையப்பன் மூட்டை மூட்டையாகக் கத்தரிக்காய் அரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையே சாமி."

"எனக்கும் சொல்லத் தெரியல. நாளைக்கு நீங்க முதல் பந்தியில உக்காருங்க. நான் பரிமாறுதேன்."

"சமையக்காரன் முதப் பந்தியிலயா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. விரலு போனா திரும்பி வராதுலா."

மறுநாள் இலை போட்டார்கள். எத்தனையோ பேருக்கு இலை போட்டவர், தனக்குப் போட்ட இலைக்கு முன்னால் கூச்சத்தில் நெளிந்துகொண்டு உட்கார்ந்தார்.

சாமி அவியலைக் கொண்டுவந்தார். அவியல் என்றால் இலையின் மேல்பாதியில் ஓரமாக ஒரு கரண்டி விழும். சாமி அதை இலையின் நடுவில், சோறு விழவேண்டிய இடத்தில் குவித்தார். மாவுச்சத்து மிகுந்த சேனையையும் வாழைக்காயையும் மட்டும் கரண்டியாலேயே ஒதுக்கிவிட்டார். பக்கத்தில் கீரை மசியல், கத்தரிக்காய் வதக்கல். ஒரு தம்ளரில் மோர்.

ஆவுடையப்பன் காத்திருந்தார்.

"சாப்பிடுங்க."

"சோறு?"

"இதச் சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் கேக்கக் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் விரல்கள் பழக்கத்தில் பிசையப் போயின. பிசைவதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு முருங்கைக்காயை எடுத்துக் கடித்தார். மென்றார். முகம் சுருங்கியது.

"என்ன அண்ணாச்சி?"

"உப்பு கரிக்குது சாமி."

அடுத்த இலைக்காரர் நிமிர்ந்தார். "சரியாத்தான இருக்கு?"

"ஒமக்குச் சரியா இருக்கும்வே. நீரு சோத்தோட பெசைஞ்சு அடிக்கீரு." ஆவுடையப்பன் சாமி பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஏதோ மாறியிருந்தது. "சாமி, நான் இத்தன காலமும் சோத்துக்குல்லா உப்பு போட்டிருக்கேன். காய்க்குப் போடலையே."

"அப்படியா?"

"இந்தக் கத்தரிக்காயப் பாருங்க. சோறு வந்து தாங்கிக்கிடும்னு புளியக் கூட்டிப் போட்டிருக்கேன். சோறு வரல. புளி அநாதையா நிக்குது."

சாமி கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஆவுடையப்பன் இலையில் இருந்ததை ஒன்றுவிடாமல் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். மோரையும் குடித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"எங்க அண்ணாச்சி, அவசரமா?"

"அடுப்பு இன்னும் அணையல சாமி. ஒரு கத்தரிக்காயச் சுட்டுப் பாத்துட்டு வாறேன்."

அன்றிலிருந்து அடுப்படியில் ஒரே அமளி. மற்றவர்களுக்கு ஒரு சமையல், அவருக்கு ஒரு சமையல் என்று ஆரம்பித்தது. மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் சொதியை உருளைக்கிழங்கு போடாமல், உப்பை அடக்கிச் செய்து, தம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். முருங்கைக்கீரையில் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவினார். வெள்ளரிக்காயைக் கெட்டித் தயிரில் போட்டுக் கடுகு தாளித்தார். வாழைத்தண்டை வறுத்தது மட்டும் கயிறாக வந்தது. அதையும் சாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமி அதையும் மென்று பார்த்தார்.

தயிர்சோற்று ஆசை போய்விடவில்லை. மற்றவர்களுக்குப் பிசையும்போது சட்டிக்கு மேல் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு நிமிர்வார். புண்ணைத் தினமும் கழுவிக் கட்டினார். மாத்திரையை வேளைக்குப் போட்டார். வேளைக்குச் சாப்பிடவும் செய்தார். சாப்பிட்டு முடித்ததும் ஓடுவார்.

"சாமி! அவரைக்கா இனிக்குது!"

"உங்களுக்கு இனிப்பு ஆகாதுலா?"

"இது அந்த இனிப்பு இல்ல சாமி. மென்னு முடிக்கையில, போறபோக்குல, லேசா..." சொல்லத் தெரியாமல் விரலைச் சுண்டிக் காட்டினார். பிறகு கையிலிருந்த அவரைக்காய்க் கிண்ணத்தைப் பார்த்தார். "எங்க கோமு சொல்லுவா. ஒரு வாய் தனியாத் தின்னு பாருங்களேன்னு சொல்லுவா. நான் எல்லாத்தையும் சோத்துல போட்டு உருட்டி முழுங்கிட்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடிருவேன். பாவி, அவகிட்ட இதச் சொல்ல முடியலையே."

சாமி அந்தக் கிண்ணத்திலிருந்து ஓர் அவரைக்காயை எடுத்து மெதுவாக மென்றார்.

"ஆமா, இனிக்குது" என்றார்.

இன்னொரு நாள் சாமியே கேட்டார்.

"கத்தரிக்கா?"

"பாத்துட்டேன் சாமி. அனல்ல சுட்டு, தோலை உரிச்சு, உப்பு கொஞ்சம், நல்லெண்ணெ கொஞ்சம். வெண்ணெ மாதிரி வழுக்குது. ஓரத்துல ஒரு துளி கசப்பு. அந்தக் கசப்புதான் சாமி அழகு. இத்தன காலமும் இது எங்க கெடந்துச்சு?"

"உங்க சட்டியிலதான் கெடந்திருக்கும்."

மாதம் முடிந்தது. ஆவுடையப்பன் விபூதியைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினார். டாக்டர் கட்டை அவிழ்த்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் திறங்க ஐயா. புண்ணு ஆறிக்கிட்டு வருது. சர்க்கரையும் இறங்கியிருக்கு. விரலுக்கு இப்போ பயமில்ல."

அவர் விரலைக் குனிந்து பார்த்தார். அது அங்கேயே இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

இந்தத் தடவை அவர் பெருமை பேசவில்லை. ஒவ்வொன்றாக, எப்படி இருந்தது என்று சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அந்தச் சுட்ட கத்தரிக்காய்க்கு வெங்காயம் போடலாமா?" என்று கேட்டார்.

கிளம்பும்போது, "இப்படியே இருங்க. மாத்திரைய விட்டுராதீங்க. மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு சாப்பிட்டுக்கலாம். கைப்பிடின்னா கைப்பிடிதான்" என்றார்.

ஆவுடையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. வந்ததும் வராததுமாக ஆசிரமம் முழுக்கச் செய்தியைச் சொன்னார்.

மறுநாள் முதல் பந்தியில், அவர் இடத்தில் அவர் உட்கார்ந்தார். இலையின் நடுவில் அவரைக்காய்ப் பொரியலும் கீரையும் சுட்ட கத்தரிக்காயும் நிறைந்திருந்தன. சாமி சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றார். ஆவி மணத்தது.

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் காய்களையெல்லாம் மேலே தள்ளி ஓரங்கட்டினார். இலையின் நடுவைச் சுத்தமாக வழித்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தடவி வைத்தார்.

"இங்க போடுங்க சாமி."

சாமி அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். கரண்டி நுனியால் காய்களை ஒவ்வொன்றாக நடுவுக்கு இறக்கினார். பிறகு ஒரு கைப்பிடி சோற்றை எடுத்து, இலையின் மேல் மூலையில், இடது கோடியில் வைத்தார்.

"சாமி, அது ஊறுகா வைக்கிற இடம்லா?"

"ஆமா அண்ணாச்சி. தொட்டுக்கிடுங்க."