ஆற்றை அடைக்கும் முன்

முள்ளிக்காட்டுச் சதுப்பில் கயலி என்றொரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. ஒரு கோடையில் ஆற்றுநீர் சட்டென்று வற்றியது. மேல்காட்டு யானைகள், தாங்கள் குளிப்பதற்காக மரங்களைப் போட்டு ஆற்றை அடைத்திருந்தன. மீன்கள் செத்தன. குட்டிகள் பசியில் கத்தின.

கயலி ஐந்து காடுகளின் பேரவைக்குப் போய் முறையிட்டது.

"ஆறு பாயும் காடுகளின் அரசர்கள் சம்மதித்தால் போதும், அடைக்கலாம். இது எல்லாக் காடுகளுக்கும் பொதுச் சட்டம். உங்கள் புலி அரசர் சம்மதித்துவிட்டாரே!" என்றது சட்டத்தைக் காத்துவந்த பெருநாரை.

"அவருக்குத் தனிச் சுனை இருக்கிறது, ஐயா! எங்களை யாரும் கேட்கவில்லையே?"

"நீர்நாயைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. போய் வா!"

கயலி கிளம்பியது. திரும்பும் வழியில் பக்கத்துக் காட்டைச் சேர்ந்த பன்றி ஒன்று, "எங்கள் ஆற்றையும் அடைக்கப் போகிறார்களாம்!" என்று புலம்பியது.

"அப்படியா? அப்படியானால் இது என் வீட்டுப் பாடு மட்டும் இல்லை!" என்றது கயலி.

வீடு திரும்பியதும் நண்டுகளையும் ஆமைகளையும் தவளைகளையும் கூட்டியது. யானைகள் அதே ஆற்றில் இரண்டாவது அணைக்கு மரம் இழுத்து வரும் பாதையில் எல்லாமாகப் போய் உட்கார்ந்தன.

"நகருங்கள்! மிதித்துவிடுவேன்!" என்று பிளிறியது தலைவன் யானை.

"மிதியுங்கள்! தண்ணீர் இல்லாமலும் சாகத்தானே போகிறோம்!" என்றது கயலி.

அது அசையவில்லை. யானை தூக்கிய காலைப் பின்னால் வைத்தது.

வாலாட்டிக் குருவிகள் செய்தியைப் பரப்பின. பன்றிகள் தங்கள் காட்டில் உட்கார்ந்தன. மற்றக் காடுகளில் முயல்களும் மான்களும் மரம் இழுக்கும் பாதைகளில் உட்கார்ந்தன. ஒரு மாதம் எங்கும் ஒரு மரம் நகரவில்லை. வேறு வழியில்லாமல் பேரவையே கயலியை அழைத்தது.

"உங்களைக் கேட்பதற்கு விதியே கிடையாதே!" என்றது பெருநாரை.

"விதிகளை யார் எழுதினார்கள்?"

"பேரவைக்கு வந்தவர்கள்."

"இப்போது நாங்களும் வந்திருக்கிறோம். எழுதுங்கள்!"

மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் சட்டத்தில் புதிதாக ஒரு வரி ஏறியது: 'ஆற்றை அடைக்கும் முன் அதன் கீழே வாழ்பவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் அடைக்கக் கூடாது.'

யானைகள் அணையைப் பிரித்தன. தண்ணீர் வந்தது. கடைக்குட்டி அதுவரை தாங்கவில்லை. மீதி இரண்டு குட்டிகளோடு கயலி ஆற்றில் இறங்கியது.

தங்களைக் கேட்காமல் எழுதிய சட்டத்தையும், பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து நின்றால் திருத்தி எழுத வைக்கலாம்.