கட்டை இல்லை, முதலை

ஆறு வற்றியதும் முதலை ஒன்று காட்டுக் குளத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தது. கரையோரச் சேற்றில் பாதி புதைந்து, கண்ணை மூடி, மரக்கட்டையாகக் கிடந்தது. அது வந்ததைக் காத்தாயி ஒருத்திதான் பார்த்தாள்.

காத்தாயி ஓர் ஆட்காட்டிக் குருவி. ஆபத்தைக் கண்டால் கத்துவது அவள் பிழைப்பு. கவிதை கிவிதை எல்லாம் தெரியாது.

காலையில் மருதி என்ற புள்ளிமான் தன் குட்டியோடும் கூட்டத்தோடும் தண்ணீர் குடிக்க வந்தாள். காத்தாயி பறந்து போய் மறித்தாள்.

"மருதி, நில்லு. அங்கே கிடக்கிறது கட்டை இல்லை, முதலை."

மருதி ஓடியிருப்பாள். கெட்ட நேரம், முதலை கிடந்த இடத்தை ஒட்டிய கரைப் பாறைமேல் நெடுவாலர் உட்கார்ந்திருந்தார்.

நெடுவாலர் ஒரு கருங்குரங்கு. அடிவாரக் கோயில் மண்டபத்தில் புலவர்கள் பேசப் பேச, மேலே உட்கார்ந்து பல வருஷம் தேங்காய் தின்றவர். அதில் அணிகளின் பெயரெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. காட்டில் யார் வாயைத் திறந்தாலும் அது என்ன அணி என்று சொல்லிவிடுவார். மான்களுக்கு அவரிடம் பெரிய மரியாதை.

"அடடா, 'கட்டை இல்லை, முதலை'. உள்ளதை இல்லை என்று மறுத்துவிட்டு, வேறொன்றை அதன்மேல் ஏற்றுகிறாள். இதற்கு ஒழிப்பணி என்று பெயர். பிரிவில் வாடும் பெண் நிலாவைப் பார்த்து, 'இது நிலா இல்லை, நெருப்பு' என்பாளே, அந்த வகை" என்றார் நெடுவாலர்.

மான்கள் தலையாட்டின. காத்தாயிக்குப் புரிந்தது ஒன்றுதான். எல்லோரும் தன்னைப் பாராட்டுகிறார்கள், யாரும் நகரவில்லை.

"ஐயா, அதோட வாய் குகை மாதிரி. இந்தக் குட்டியை ஒரே வாயில் முழுங்கிடும்."

"முதலில் உவமை, அடுத்து உயர்வு நவிற்சி. ஒரே மூச்சில் இரண்டு" என்று பூரித்துப் போனார் நெடுவாலர்.

காத்தாயிக்குக் கோபம் வந்தது. "உள்ளதை உள்ளபடி சொன்னால் அதுக்கு உங்ககிட்டே ஒரு பேரும் கிடையாதா?"

"ஏன் இல்லாமல்? இயல்பு நவிற்சி என்று ஒன்று உண்டு. ருசி இருக்காது. உனக்கு அது எதற்கம்மா? உன் தரமே வேறு."

இத்தனையையும் முதலை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆள் சாதகமாகப் பேசும்போது நாமும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று நினைத்ததோ என்னவோ, கண்ணைத் திறக்காமல் மெல்லச் சொன்னது.

"ஐயா சொல்வதுதான் சரி. நான் வெறும் கட்டை."

மான்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கின. நெடுவாலர் கையமர்த்தினார். பேசாத பொருள் பேசுவதாக வைப்பது பழைய மரபு, இதற்கெல்லாம் பயந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். மருதிக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ரசனை இல்லாதவள் என்று பேர் வாங்க அவளுக்கு இஷ்டமில்லை. குட்டியைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளிவிட்டாள்.

நெடுவாலர் விளக்கத்தில் இறங்கினார். ஒவ்வொரு அணிக்கும் பாறையிலிருந்து தொங்கிய அவர் வால் ஆடி, கட்டையின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டியது. முதலை பொறுத்தது. குட்டி இன்னும் நாலடி வரட்டும் என்று பார்த்தது. வால் மறுபடி தட்டியது. முதலையின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

படக்கென்று வாய் திறந்து மூடியது.

பாதி வாலோடு மரத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார் நெடுவாலர். அங்கிருந்து அலறினார். "முதலை! முதலை!"

மான்கள் அண்ணாந்து பார்த்தன. மருதி குட்டியிடம் பெருமையாகச் சொன்னாள். "கேட்டாயா? ஒரே சொல் அடுத்தடுத்து வந்தது. அடுக்குத்தொடர்."

"அடடா" என்றது கூட்டம்.

முதலை வாலைத் துப்பிவிட்டுக் குட்டியின் பக்கம் திரும்பியது. காத்தாயி கத்த வாயெடுத்தாள். என்னத்தைக் கத்துவது? எதைக் கத்தினாலும் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்களே. சட்டென்று ஞாபகம் வந்தது. குட்டியின் தலைமேல் இறங்கித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"இயல்பு நவிற்சி! அவர் சொன்னது இயல்பு நவிற்சி!"

மான்கள் யோசித்தன. உள்ளதை உள்ளபடி...

அடுத்த நொடி கரையில் ஒரு மான் இல்லை. முதலையின் வாயில் சேறுதான் கிடைத்தது.

சாயங்காலம் மருதி மரத்தடிக்கு வந்து, வால் பாதிதானே இருக்கிறது என்று மரியாதையோடு விசாரித்தாள். நெடுவாலர் மிச்ச வாலைத் தடவிக்கொண்டார்.

"சுருங்கச் சொல்வதும் ஓர் அழகுதான்."

மருதி தலையாட்டினாள்.

யாராவது கத்தினால் முதலில் ஓடுங்கள். அழகாகக் கத்தினார்களா என்று பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.