கதவில் எழுதிய எண்

குருவிக்கோம்பையில் ஊருக்குப் பொதுவான அண்டா, கொப்பரை, கரண்டி எல்லாம் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் இருந்தன. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட சிவனாண்டி நாக்பூரில் இருக்கும் மகனோடு வாழப் போனார். போகும் முன் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று போட்டுவிட்டுப் போனார். சாவி கிடையாது. மேலே ஐந்து, கீழே ஐந்து, எண் பொறித்த பித்தளைச் சக்கரங்கள். கதவில் 2053732969 என்று சுண்ணாம்பால் பெரிதாக எழுதியிருந்தார்.

அதைப் பற்றி ஊரில் யாருக்கும் கவலையில்லை. பூவலிங்கத்தின் மூத்த மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் கவலை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நானூறு பேர். பூவலிங்கத்தின் வீட்டில் இருந்த பெரிய பாத்திரத்தில் ஆறு பேருக்குச் சோறு வடிக்கலாம்.

நாக்பூருக்கு எழுதிய கடிதத்துக்கு, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. தபால்காரர்தான் வாசித்துக் காட்டினார்.

"எண்களைக் கடிதத்தில் எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார். கதவில் இருப்பது இரண்டு ஐந்திலக்க எண்களின் பெருக்கல். சின்னது பத்தாயிரத்துக்கும் நாற்பத்தாறாயிரத்துக்கும் நடுவில். வகுத்துப் பாருங்கள். எதற்கு மீதி வரவில்லையோ அதை மேலேயும், ஈவைக் கீழேயும் வையுங்கள். ஒருவரால் ஆகாது, ஊர் கூடிச் செய்யுங்கள்."

தலைவர் கோட்டைச்சாமி கடிதத்தை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் யாரும் அதைப் பார்க்கவில்லை. அறுபது தொண்டர்கள் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், அறுநூறு எண்கள். தலைவர் மூன்று விதிகள் சொன்னார்.

"தாளை வாங்கினவர் முடிக்கிறவரை கீழே வைக்கக்கூடாது. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது. தினமும் சாயங்காலம் அவரவர் மீதியைக் கொண்டுவந்து காட்டணும்."

யாரும் தாளைக் கீழே வைக்கவில்லை. அறுபது வீட்டிலும் பெண்கள் சோறு ஊட்டினார்கள். மூன்றாம் நாள் சங்கிலி தாளோடு தொழுவத்தில் நின்றபோது அவருடைய கன்றுக்குட்டி தாளை மெல்லத் தொடங்கியது. பக்கத்தில் நாலு தொண்டர்கள் இருந்தார்கள்.

"கன்றை விரட்டுங்களேன்பா," என்றார் சங்கிலி.

"அது உன் வேலைண்ணே. நாங்க கை வைக்கக்கூடாது."

"எனக்குத் தாளைப் பிடிச்சிருக்கவே ரெண்டு கையும் போதலையே."

கன்று நிதானமாக மென்று முடித்தது. சங்கிலி முதலிலிருந்து தொடங்கினார்.

பூவலிங்கத்துக்கு முப்பத்தோராயிரத்திலிருந்து அறுநூறு எண்கள். மகள் கல்யாணம் ஆயிற்றே, மற்றவர்களைவிட வேகமாக வகுத்தார். தினமும் கை நிறைய மீதி கொண்டுபோய்க் காட்டினார். ஐந்தாம் நாள் முப்பத்தோராயிரத்து முன்னூற்று முப்பத்தேழால் வகுத்தார். மீதி வரவில்லை. மூன்று தடவை வகுத்தார். அப்போதும் வரவில்லை.

"என்ன முகம் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி பேச்சியம்மாள், சோற்றை உருட்டிக்கொண்டே.

"ஒரு எண்ணுக்கு மீதி இல்லை."

"எங்கே போச்சு?"

"தெரியலை. ஊரே நம்ம பொண்ணுக்காக உழைக்குது. நான் வெறுங்கையோட போய் நின்னா என்ன நினைப்பாங்க?"

"எங்க அண்ணன்கிட்ட கேளுங்க. அவர் பெரிய பெரிய மீதியா வச்சிருக்கார்."

அவள் அண்ணன் இருளப்பன் அறுபதாவது தொண்டர். நாற்பத்தையாயிரத்து ஐந்நூற்று ஒன்றால் வகுத்து, நாற்பத்தையாயிரத்து முன்னூற்று முப்பத்துநாலு மீதி எடுத்திருந்தார். ஊரிலேயே பெரிய மீதி.

"இதுக்கா மச்சான் தயங்குறீங்க?" என்றார் அவர். "என்கிட்ட இவ்வளவு இருக்கு. நாலு எடுத்துக்குங்க."

அன்று சாயங்காலம் பூவலிங்கம் நாலு என்று காட்டினார். இருளப்பன் நாலைக் குறைத்துக் காட்டினார். "நாலு கொஞ்சம்தான். ஆனாலும் பாடுபட்டது தெரியுது," என்றார் தலைவர்.

ஒன்பதாம் நாள், சங்கிலியைத் தவிர எல்லாரும் முடித்துவிட்டார்கள். பூட்டு மட்டும் திறக்கவில்லை. இத்தனை மீதி சேர்ந்தும் ஏன் திறக்கவில்லை என்று ஊரே யோசித்தது. யோசித்துக்கொண்டே, பெரிய மீதி எடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தது.

"நாற்பத்தையாயிரத்து முன்னூற்று முப்பது எடுத்த இருளப்பன் அவர்களே," என்று தலைவர் தொடங்கினார்.

"முப்பத்துநாலு," என்றார் இருளப்பன். "பொன்னாடை போர்த்தும்போது சரியாச் சொல்லணும் தலைவரே. நாலை மச்சானுக்குக் கொடுத்திருக்கேன்."

எல்லாரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"அப்போ உன் மீதி எங்கே?" என்றார் தலைவர்.

"எனக்கு வரலைங்க," என்றார் பூவலிங்கம் தலையைக் குனிந்தபடி. "சத்தியமா மறைக்கலை."

தபால்காரர் இருமினார். "மீதி வரலைன்னா ஏதோ செய்யணும்னு கடிதத்துல இருந்த ஞாபகம்."

பெட்டி திறந்தது. கடிதம் வெளியே வந்தது. கூட்டம் கதவுக்கு ஓடியது. மேலே 31337, கீழே 65537. பூட்டு வாயைப் பிளந்தது. உள்ளே அண்டாக்கள் பளபளத்தன. பூவலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

"நில்லுங்க," என்றார் சங்கிலி. "எனக்கு இன்னும் இருநூறு எண் பாக்கி இருக்கு. நான் முடிக்கிறதுக்குள்ள எப்படித் திறக்கலாம்? என் உழைப்பு என்ன ஆகுறது?"

தலைவர் கடிதத்தை மடித்தார். "நியாயந்தான். பூட்டுங்கப்பா."

பூவலிங்கமும் நியாயஸ்தர். தானே சக்கரங்களைச் சுற்றிக் கலைத்தார்.

அடுத்த மூன்று நாளும் சங்கிலியைச் சுற்றி ஐம்பத்தொன்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பூவலிங்கம், "அண்ணே, முகூர்த்தம் பத்து மணிக்கு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் சங்கிலி கடைசி மீதியை எழுதினார். ஊர் கை தட்டியது. கதவை முறைப்படி திறந்தார்கள். சாம்பார் கொதிக்கக் கொஞ்சம் தாமதமானது. மற்றபடி குறையில்லை.

பாத்திரங்களைக் கழுவி உள்ளே வைத்துப் பூட்டியபிறகு தலைவருக்கு ஒரு கவலை வந்தது.

"எண் ஊருக்கே தெரிஞ்சு போச்சே. இனி பூட்டுக்கு என்ன மரியாதை?"

"பூட்டை மாத்தணும்னா நாக்பூர் போகணும்," என்றார் இருளப்பன். "கதவுல எண்ணை மாத்திடலாமே."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பழைய எண்ணை அழித்துவிட்டு, அதைவிட இரண்டு மடங்கு நீளமாக, ஆளுக்கொரு இலக்கம் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

இப்போது பூவலிங்கத்தின் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அறுபது பேரும் தாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கன்றுக்குட்டியைக் கட்டிப் போட்டாயிற்று. பழைய இரண்டு எண்களும் பூவலிங்கத்துக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் அவை பழைய எண்ணுக்கு உரியவை. அவற்றைக் கொண்டுபோய்ப் புது எண்ணுக்கு வைத்துப் பார்க்க அவர் என்ன முட்டாளா?