அலமாரியில் ஏறிய வைத்தியர்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். எது மனதுக்குப் பிடித்தாலும் அதைப் பூட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். யானை வைத்தியர் கொற்றனார் அவருடைய அவையில் தம் நூலை அரங்கேற்றினார். நூல் அரசருக்குப் பிடித்துவிட்டது. வந்தது வினை.

கொற்றனாரின் புகழ், ஓலைச்சுவடிகளைக் காக்கும் ஏட்டறையின் அதிகாரி மழவராயரின் கண்ணை உறுத்தியது. "அரசே, அரங்கேறிய நூல் அரண்மனைச் சொத்து. அதில் உள்ளது ஏட்டறையை விட்டு வெளியே போகலாகாது" என்றார். அரசரும் அப்படியே ஆணையிட்டார்.

சில நாளில் கொற்றனார் பிடிபட்டார். தம் நூலைத் தம் மாணவர்களுக்கே பாடம் சொன்னாராம். இன்னொரு முறை சொன்னால் நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. பாவம், மனிதர் ஆடிப்போனார்.

"நான் கண்டறிந்ததை நானே சொல்லக் கூடாதென்றால், பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்வேன் அரசே?"

அவையின் விகடகவி சாத்தப்பன் எழுந்தார். "அரசே, தங்கள் ஆணை அரைகுறையாக நிற்கிறது. முழுதாக நிறைவேற்ற எனக்கு அனுமதி தாருங்கள்."

என்ன செய்யப்போகிறார் இவர்? ஆவல் தாங்காமல் அரசரும் அனுமதி தந்து பின்னாலேயே போனார்.

சாத்தப்பன் கொற்றனாரை ஏட்டறை அலமாரியின் கீழ்த்தட்டில் உட்கார வைத்தார். எலுமிச்சைப்புல் எண்ணெயை எடுத்து அவர் தலையில் தேய்த்தார்.

"இதென்ன கூத்து?" என்று பதறினார் மழவராயர்.

"நூல் இவர் தலையிலும் இருக்கிறதே! அதையும் உள்ளே வைக்க வேண்டாமா? பூச்சி அரிக்காமல் எண்ணெய் பூசுவது உங்கள் அறை வழக்கம்தானே?"

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்போது நூல் பத்திரம்தானே?"

"இல்லை அரசே" என்றார் சாத்தப்பன். "போன வாரம் பட்டத்து யானைக்குக் கால் வீங்கியபோது, பாகனிடம் மருந்து சொன்னது யார்?"

"நான்தான். அரங்கேற்றத்தில் கேட்டது நினைவிருந்தது. யானையும் எழுந்து நடந்ததே!"

"அப்படியானால் தங்கள் தலையிலும் கொஞ்சம் நூல் இருக்கிறது. மழவராயரே, மேல்தட்டைத் துடையுங்கள். அரசர் ஏறட்டும்."

எண்ணெய்க் கிண்ணத்தோடு சாத்தப்பன் நெருங்கவும், அரசர் மகுடத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"போதும் சாத்தப்பா! ஓலை இங்கே இருக்கட்டும். கொற்றனார் தம் நூலைத் தம் மாணவர்களுக்குத் தாராளமாகச் சொல்லட்டும். மழவராயரே, அந்தப் பிள்ளைகளுக்கு நூலைப் படி எடுத்துக் கொடுப்பது இனி உமது வேலை!"

சாத்தப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது.

மறுநாள் கொற்றனாரின் பாடத்தில் முன்வரிசையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீதி நூலைக் கேட்காமல் அரசருக்குத் தூக்கம் வரவில்லையாம்.