யானை ஊதிய பொரி

குளத்தை ஒட்டிய வயல் வரப்பில் ஒரு தாய் எலி தன் குட்டிகளோடு வளையில் வாழ்ந்தது. மூத்த குட்டியின் பெயர் கூரன். அடுத்தது தவிட்டி. மற்றவை எல்லாம் பொடிசுகள்.

ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளை யாரோ தவறவிட்ட படப் புத்தகம் ஒன்று வரப்பில் கிடந்தது. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி. குதறிப் படுக்கையாகப் போடலாம் என்றுதான் தாய் எலி அதை இழுத்து வந்தது. குட்டிகள் விடவில்லை. ஒரு படத்தில் யானை ஒன்று பொரி மூட்டைக்குள் தும்பிக்கையை விட்டுத் தும்மியிருந்தது. கடைக்காரரின் தலை, மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் பொரி. கடை வாசலில் ஒரு பலகை. கீழே இருந்த வரியும் அந்தப் பலகையில் எழுதியிருந்ததுதான்: ‘பொரி இருக்கிறது. வாங்க வரவும்.’

தாய் எலிக்கு எழுத்துத் தெரியாது. அதன் தாய்க்கும் தெரியாது. ஆகவே பள்ளிக்கூடக் கூரையில் கூடு கட்டியிருந்த மைனாவிடம் போய், என் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று கெஞ்சியது.

மைனா வந்தது. படித்துக் காட்டுவதில் அது கெட்டி. யானையைப் போலத் தும்மியது. கடைக்காரரைப் போலத் திட்டியது. குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. அவை சிரிக்கச் சிரிக்க மைனாவுக்கும் உற்சாகம் ஏறியது. கூப்பிடாமலே தினமும் வந்தது.

தவிட்டி மட்டும் பின்தங்கியது. மற்றவை சிரித்து முடித்த பிறகும் அது கீழே இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“மைனா அத்தை, இதில் எது ‘பொ’, எது ‘ரி’?” என்று ஒருமுறை கேட்டது.

“அதெல்லாம் அப்புறம், கண்ணு. முதலில் நீ சிரி” என்று சொல்லி மைனா பக்கத்தைப் புரட்டியது. இவள் நத்தைக்குத் தங்கச்சி என்று கூரன் கேலி செய்தது.

கூரன் சீக்கிரமே முழுப் புத்தகத்தையும் படித்தது. பக்கத்தைத் திருப்பினால் போதும், ஒரு சொல் பிசகாமல் வரியைச் சொல்லிவிடும். மைனா சிறகைத் தட்டிப் பாராட்டியது. தாய் எலி வளை வளையாகப் போய், எங்கள் வம்சத்திலேயே எழுத்துப் படித்த முதல் எலி இவன்தான் என்று சொல்லி வந்தது.

“படித்துக் கலெக்டர் ஆகப் போகிறானோ?” என்றது பக்கத்து வளைப் பெருச்சாளி.

“ஆகட்டுமே. உனக்கு ஏன் வயிறு எரிகிறது?” என்றது தாய் எலி.

படத்தை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வளையில் சேர்த்து வைத்த நெல் தீர்ந்துபோனது. பொடிசுகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. தாய் எலி எல்லாரையும் கூட்டிக்கொண்டு குளத்துக்கு அந்தப் பக்கம் இரை தேடிப் போனது.

அங்கே ஒரு வயலோரம் புதிதாக ஒரு பலகை நின்றது. வயலில் இறங்கும் ஆட்களின் காலில் பட்டுவிடக் கூடாதே என்று விவசாயி எழுதி வைத்த பலகை அது. ‘பொறி இருக்கிறது. பார்த்து வரவும்.’

தாய் எலி நின்றுவிட்டது. முன்பு இல்லாத பொருள் ஒன்று வயலில் முளைத்தால் ஒதுங்கிப் போவது எலிகளின் வழக்கம். அந்த வழக்கத்தால்தான் அது இத்தனை காலம் உயிரோடு இருந்தது. ஆனால் கூரன் பலகையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தது.

“அம்மா, பொரிக் கடைப் பலகை! பொரி இருக்கிறது, வரவும் என்று போட்டிருக்கிறது!”

சொன்னது போலவே பலகைக்குப் பின்னாலிருந்து பொரி வாசனை வந்தது. தாய் எலியின் முகம் மலர்ந்தது.

தவிட்டி நகரவில்லை. “அம்மா, இது அந்த எழுத்து இல்லை. புத்தகத்தில் இருந்தது குச்சி மாதிரி நிற்கும். இதற்கு இரண்டு மேடும் ஒரு வாலும் இருக்கிறது.”

“அப்படியென்றால் இதில் என்னதான் எழுதியிருக்கிறது?”

“தெரியவில்லை, அம்மா.”

கூரன் சிரித்தது. “தெரியாதவள் பேச்சைக் கேட்கப் போகிறாயா, தெரிந்தவன் பேச்சைக் கேட்கப் போகிறாயா?”

தாய் எலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. பொடிசுகளின் ஒட்டிய வயிற்றையும் பார்த்தது.

“நீயே முதலில் போய்ச் சாப்பிடு, ராசா. படித்தவன் நீதானே” என்றது.

கூரன் நிமிர்ந்து நடந்து போனது. மூங்கில் வில் ஒன்று விடுபட்டு அடித்தது. பொரி நாலாபக்கமும் சிதறியது. யானை தும்மிவிட்டது என்று நினைத்து ஒரு பொடிசு கலகலவென்று சிரித்தது. தாய் எலி அதன் வாயைப் பொத்தியது.

பிறகு அது மைனாவைத் தேடிப் போய் அந்தப் பலகைக்கு அழைத்து வந்தது. பொறியில் கிடந்ததைப் பார்த்ததும் மைனாவின் சிறகு தொங்கிவிட்டது.

“இது என்ன எழுத்து, மைனாக்கா?”

“பெரிய ற. புத்தகத்தில் இருந்தது சின்ன ர. காதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் கேட்கும். பொருள்தான் வேறு.”

“தவிட்டி அன்றைக்கே எழுத்தைக் கேட்டாளாமே. ஏன் காட்டவில்லை?”

“பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை” என்றது மைனா.

தாய் எலி அதைத் திட்டவில்லை. புழுதியில் உட்கார்ந்து முன்னங்காலால் இரண்டு மேடும் ஒரு வாலும் கீறிப் பார்த்தது. கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி கீறியது. அதன் வாழ்நாளில் அது கற்றுக்கொண்ட முதல் எழுத்து அதுதான்.

சிரிக்க வைக்கும் புத்தகம் பிள்ளையை எழுத்தின் வாசல் வரை கூட்டி வரும். அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டி உள்ளே அழைத்துப் போவது சொல்லிக் கொடுப்பவரின் பொறுப்பு.